காலடி படியாத பின்வளவு

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட் வீட்டின் பின்வளவில் நின்றவர்கள் மூவர்: வீட்டுக்காரர் கனகலிங்கம், மோர்டனிலிருந்து வந்த அவருடைய தம்பி குகதாசன், குகதாசனின் மனைவி சந்திரவதனா. வேலிக்கு அப்பால் தன் வளவில் நின்ற மன்னார் யாக்கோப்பையும் சேர்த்தால் நால்வர். ஐந்தாவதாக ஒருவர் நின்றதாகச் சொல்பவர்கள் அன்று அங்கே இருக்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்ரோபர் கடைசி. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பிவைத்த நாள். போஞ்சிக் கொடி காய்ந்த தடிகளைப் பிடுங்க வேண்டும், அப்பிள் மரத்து இலைகளை வார வேண்டும், கறிவேப்பிலைச் சாடியை உறைபனி விழுமுன் குசினிக்குள் அடுப்பருகே எடுத்துவைக்க வேண்டும். சாடியைத் தூக்க இரண்டு பேர் தேவை. அதற்காகத்தான் தம்பியை வரச் சொல்லியிருந்தார்.

இலை வாரியோடு வளவின் அடிக்குப் போனபோது கனகலிங்கம் அதைக் கண்டார். ஷெட் வாசலிலிருந்து அப்பிள் மரம் வரை தரை துப்புரவாக இருந்தது. யாரும் வாரியிருக்கவில்லை, கூட்டியிருந்தார்கள். புல் செத்துப்போன ஈரமண்ணில் ஈர்க்கு விளக்குமாற்றின் கீறல்கள் பிறை பிறையாக, ஒன்றன் விளிம்பில் மற்றது ஏறி, மீன் செதில்போல் படிந்திருந்தன. நடுவில் ஒரு காலடிகூட இல்லை.

"பிள்ளை, நீர் கூட்டினனீரோ?"

"நானோ அத்தான்? நான் இப்பதானே வந்தனான்." சந்திரவதனா கிட்ட வந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சாள் கூட்டினமாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

வேலிக்கு மேலால் யாக்கோப்பு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கனகலிங்கண்ணை, வெள்ளைக்காரன் புல்லு வளக்கிறான், நீங்கள் மண் வளக்கிறியள். கவுன்சில் கண்டால் நாளைக்கே றோட்டுக் கூட்டக் கூப்பிடும்!"

கனகலிங்கம் பிறைகளை மிதிக்காமல் விளிம்பால் சுற்றி நடந்தார்.

சந்திரவதனா சொன்ன மச்சாள் தவநாயகி, கனகலிங்கத்தின் ஒரே தங்கை. கல்யாணம் செய்யாதவள். எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டை நடத்தியவள், பங்குனியில் நெஞ்சுவலியில் போய்விட்டாள். லண்டன் இலையுதிர்காலத்தையும் அவள் ஒரு யாழ்ப்பாண முற்றமாகவே நடத்தினாள். வேலியைப் பார்த்துக் குனிந்து தொடங்குவாள். வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, பின்னடி பின்னடியாக வைத்து, தன் காலடியைத் தானே கூட்டி அழித்துக்கொண்டு வருவாள். முற்றத்தில் அடி தெரியக் கூடாது என்பது அவர்களுடைய வீட்டுப் பழக்கம். குதிக்காலில் குசினி வாசற்படி தட்டுப்பட்டதும், அப்படியே பின்னடியாக உள்ளே ஏறி, விளக்குமாற்றைக் கதவோரம் சாத்துவாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து திரும்புவாள்.

அவளுடைய சாம்பல் செப்புக் குடத்தில், வெள்ளைத் துணியால் வாய் கட்டி, ஷெட்டுக்குள் கொளுக்கியில் தொங்கியது. வீட்டுக்குள் வைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில்தான் கரைப்பது என்று கனகலிங்கம் சொல்லியிருந்தார். ஊரில் நடந்த சண்டையில் கீரிமலைக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. ஆகவே குடம் தொங்கியது.

"அண்ணை, இனியும் வைச்சிருக்க ஏலாது," என்றான் குகதாசன். "இஞ்சத்தைச் சவுத்எண்ட் கடலிலை கரைச்சுவிடுவம். எங்கட சனம் எல்லாம் இப்ப அங்கைதான் கரைக்குது. கடல் எல்லாம் ஒரே கடல்தானே."

"எங்கட குடும்பத்திலை ஒருத்தரும் கண்ட தண்ணியிலை கரையேல்லை."

"பாதை எப்ப திறக்கும்?"

"திறக்கேக்கை திறக்கும்."

"அதுமட்டும் அக்கா ஷெட்டுக்கை தொங்கட்டோ? சைக்கிளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவிலை?"

"வாயைப் பொத்து. பக்கத்து வளவுக்குக் கேக்கும்."

குகதாசன் கையுறைகளைக் கழற்றி எறிந்தான். "அப்ப சாடியையும் உங்கட கௌரவத்தையும் நீங்களே தூக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். கார்க் கதவு இரண்டு தரம் அடித்துச் சாத்தியது. கறிவேப்பிலைச் சாடி வெளியிலேயே கிடந்தது.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு கோப்பை, ஒரு கோப்பைக்குரிய தேத்தண்ணீர், ஒரு கதிரை இழுபடும் சத்தம். திங்கட்கிழமை பின்னேரம், ஜன்னலுக்கு வெளியே வானம் ஊமைக் காயம்போல் கறுத்துக்கொண்டு வரும்போது, நனைந்த இலைகளின் புளித்த வாசமும் எங்கோ எரித்த குப்பையின் புகையும் கதவு இடுக்கால் கசிய, அவற்றோடு சேர்ந்து ஒரு சத்தமும் வந்தது. சர். கொஞ்சம் பொறுத்து, சர். மரக்கிளை வேலியில் உரசுகிறது என்று எண்ணி அவர் அறையைச் சூடாக்கும் கனப்பியைக் கூட்டிவைத்தார். காலையில் பார்த்தபோது பிறைகள் அப்பிள் மரத்தைத் தாண்டி, போஞ்சித் தடிகளைத் தாண்டி வந்திருந்தன.

ஷெட்டைத் திறந்து பார்த்தார். குடம் தொங்கியது, துணி இறுக்கமாகவே இருந்தது. பக்கத்து ஆணியில் தவநாயகியின் விளக்குமாறு. அதன் ஈர்க்கு நுனிகள் ஈரமாக இருந்தன. இரண்டு அப்பிள் இலைகள் ஒட்டியிருந்தன.

கனகலிங்கம் ஊரில் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். பயந்ததாக யாரிடமும் சொன்னதில்லை. கூடைகூடையாக இலைகளை அள்ளி வந்து, கூட்டிய இடமெல்லாம் பரப்பிவிட்டார். முதுகு விண்விண் என்று வலித்தது. மறுநாள் காலையில் இலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தன. நடுவே பிறைகள். இப்போது வளவின் பாதியைத் தாண்டி.

அவை வீட்டை நோக்கி வருகின்றன என்பதல்ல அவரைப் பின்கதவை இரண்டு தரம் பூட்டவைத்தது. வருபவள் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறாள் என்பதுதான். படியேறி நிமிர்ந்தால் திரும்புவாள்.

அன்று தொலைபேசியை எடுத்துத் தம்பியின் இலக்கத்தைச் சுழற்றினார்.

"என்ன அண்ணை?"

சவுத்எண்டுக்குப் போவம் என்று ஒரு சொல். அவ்வளவுதான். வாயில் வந்து நின்றது.

"ஒண்டுமில்லை. சும்மா எடுத்தனான்."

"சாடி உள்ளுக்கை வைச்சாச்சோ? வெள்ளிக்கிழமை உறைபனியாம்."

"அதெல்லாம் நான் பாப்பன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் சாடியைத் தூக்கப் போனார். அது அவள் வைத்த கன்று. அது கருகினால் வீட்டுக்கு வருபவர்கள் பார்த்துச் சொல்வார்கள். குசினிக் கதவை அகலத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை அணைவைத்தார். பிறைகள் வாசலுக்குக் கிட்ட, ஓர் ஆள் படுக்கும் தூரத்தில் நின்றன. பார்க்காமல் சாடியைக் கட்டிப்பிடித்து, அங்குலம் அங்குலமாக அரக்கினார். கறிவேப்பிலை முகத்தில் உரசி மணத்தது. மூச்சு வெண்புகையாகப் போனது. படியில் ஏற்றி, உள்ளே தள்ளி, கதிரையில் குந்தினார். கொஞ்சம் ஆறட்டும், பிறகு கதவைச் சாத்தலாம்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தரைகூட ஆகவில்லை. விளக்கு வைக்க நேரமிருக்கிறது.

ஊரில் வருடம் முழுவதும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருண்டுவிடும். ஆறு மணிக்குப் பின்கதவைச் சாத்தி, முன்கதவைத் திறந்து, சாமி விளக்கேற்றுவார்கள். விளக்கு வைத்த பின் விளக்குமாற்றைத் தொட மாட்டார்கள். கனகலிங்கம் அந்த ஆறு மணியை லண்டனுக்கும் கொண்டுவந்திருந்தார். தவநாயகி ஒருநாளும் மணிக்கூட்டைப் பார்த்ததில்லை. மாரியில் வானத்தைப் பார்த்து, மூன்றரைக்குக்கூடக் கதவைச் சாத்தி விளக்கு வைப்பாள். "நேரம் கெட்ட நேரத்திலை என்ன விளக்கு?" என்று அவர் அதட்டியிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தார். திறந்த கதவுக்கு வெளியே முழு இருட்டு.

சாமி விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

பின்கதவு திறந்திருந்தது.

சர்.

படிக்கு அருகில்.

சர்.

எழும்ப நினைத்தார். கதவுக்குப் போகும் வழியில் சாடி குறுக்கே நின்றது. குசினி மின்விளக்கின் வெளிச்சம் வாசற்படியோடு நின்றது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு குதிக்கால் வந்தது. வெடித்த குதிக்கால். சாம்பல் நிறம். அது படியைத் தடவிப் பார்த்தது. மேலேறியது.

பிறகு மற்றக் கால்.

குனிந்த முதுகு. நீலப்பூச் சேலை; அவளோடு எரித்த சேலை. கொண்டை. விளக்குமாறு லினோலியத்தில் ஒரு பிறை போட்டது. மண்ணில் கேட்ட சத்தமல்ல. வறண்ட சத்தம்.

அங்கே அது நின்றது.

காத்திருந்தது.

எதற்கென்று கனகலிங்கத்துக்கு விளங்கியது. ஒரு சொல் போதும். எந்தத் தண்ணியெண்டாலும் சரி, நாளைக்கே கொண்டுபோறன். இவ்வளவுதான். நாக்கை அசைத்தார். தம்பியின் முகம் வந்தது. சந்திரவதனா மோர்டன் முழுக்கச் சொல்லப்போவது கேட்டது. கனகலிங்கத்தாரும் கடைசியிலை சவுத்எண்டுக்குத்தானே போனவர்.

"தவம்," என்றார். "பாதை திறக்கட்டும்."

விளக்குமாறு மெல்ல உயர்ந்தது. கதவோரம் சாத்தப்பட்டது.

முதுகு நிமிரத் தொடங்கியது.

இப்போது கோலியர்ஸ் வுட்டிலும் மோர்டனிலும் ஒரு கதை உலவுகிறது. கனகலிங்கத்தின் தங்கை பின்னேரங்களில் பின்வளவைக் கூட்டுகிறாளாம். யாக்கோப்பு வேலிக்கு மேலால் கண்டாராம். அது பொய். பின்வளவில் இலைகள் விழுந்தபடியே கிடந்து அழுகுகின்றன, எவரும் கூட்டுவதில்லை. அந்த வேலை முடிந்துவிட்டது. பாதை இன்னும் திறக்கவில்லை, குடம் ஷெட்டுக்குள்ளேயே தொங்குகிறது. அவள் குசினிக்குள், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். முழுதாக நிமிர்ந்துவிட்டாள். இன்னும் திரும்பவில்லை.