பொம்மைப் பெட்டிக்குள் ஒரு மார்புக் கவசம்

"திருடனுக்கு நரகத்துல இடம் உண்டு. பொய் சொல்றவனுக்கும் உண்டு. குடும்பத்தைக் கெடுத்தவனுக்குக்கூட ஒரு மூலையில பாய் போட்டுக் கொடுப்பாங்க. அம்பயருக்கு மட்டும் நரகத்துலயும் இடம் கிடையாது. ஏன்னா, உள்ள விட்டா எமனோட தீர்ப்பையே தப்பாக்கிட்டு வந்துடுவான்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, மிசோ சூப்பின் ஆவிக்கு மேலே கோஹெய் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. புது மதம் ஒன்றை நிறுவுகிறவனின் முகம் அது. கோஹெய்க்கு வேலை கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில். நடுங்குகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுவதும் "ஃபெயில்" என்று சொல்லி இறக்கிவிடுவதுதான் தொழில். தீர்ப்புச் சொல்கிறவர்கள்மேல் அவனுக்கு இருந்த வெறுப்பை, அவனிடம் ஃபெயிலானவர்கள் யாராவது கேட்டிருந்தால் பாயில் புரண்டு சிரித்திருப்பார்கள்.

அடுப்படியில் நின்ற அவன் மனைவி சுமிரேவுக்குச் சிரிப்பு வரவில்லை. 

மாடியில், அலமாரிக்குள், பெண் குழந்தைகள் பண்டிகைக்கு மார்ச்சில் மட்டும் திறக்கிற பொம்மைப் பெட்டி இருந்தது. அதற்குள் பொம்மை ராஜாவும் ராணியும் வசந்தத்திலிருந்து ஒரு மார்புக் கவசத்தின் மேல்தான் படுத்திருந்தார்கள். அதற்கடியில் ஒரு கம்பி முகமூடி. அதற்கும் அடியில் சாம்பல் நிறக் கால்சட்டை. மூன்றும் சுமிரேவுடையவை.

சுமிரே ஓர் அம்பயர்.

சிறுவர் பேஸ்பாலில் சம்பளத்துக்கு அம்பயர் வைக்க யாருக்கும் வசதியில்லை. ஒவ்வோர் அணியும் தன் அம்பயரைத் தானே கூட்டிவர வேண்டும். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வர வேண்டும். அப்பாக்கள் அம்பயர் ஆவார்கள், அம்மாக்கள் பார்லி தேநீர் ஊற்றுவார்கள். மகள் மிஹரு ஆறாம் வகுப்புக்குப் போன இந்த வசந்தத்தில், அணித் தலைவர் ஒனோதேரா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கோஹெய் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பி நின்று சொன்னான்:

"இந்த வீட்டுல யாராவது அம்பயர் தொப்பியைத் தொட்டா, அன்னைக்கோட இந்த வீட்டுல பேஸ்பால் முடிஞ்சுது. மிஹருவோட கையுறையைக் குப்பை வண்டியில போட்டுடுவேன்."

செய்யக்கூடியவன்தான். ஒருமுறை டிவியில் பார்த்த ஒரு தீர்ப்புக்காக, டிவியையே தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தவன்.

உயர்நிலைப் பள்ளிக் காலத்தில், மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், வெற்றி ஓட்டத்துக்காக கோஹெய், ஓடி வந்து தொட வேண்டிய கடைசித் தளமான ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கினான். அம்பயர் 'அவுட்' என்றார். அவ்வளவுதான். வயது ஏறியது, கல்யாணம் ஆனது, தலையில் வழுக்கை விழுந்தது. அந்த அவுட் மட்டும் அப்படியே இருந்தது. மகள் ஆடும் மைதானத்தில்கூட அவன் கால் வைத்ததில்லை.

அணியிலிருந்த மற்ற அம்மாக்கள் 'அந்த வீட்டுக்காரங்களுக்குத் திங்க மட்டும்தான் தெரியும்' என்று பேசத் தொடங்கினார்கள். மிஹரு அதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் சுமிரே ஒனோதேராவிடம் போனாள். "நான் வர்றேங்க. வீட்டுல மட்டும் நான் டீ டியூட்டின்னு சொல்லிக்கிறேன்..."

அந்தப் பொய் இத்தனை நாள் தாங்கியது.

"நானும் இன்னைக்கு மைதானத்துக்கு வர்றேன்" என்றான் கோஹெய்.

சுமிரேவின் கையிலிருந்த சோற்று உருண்டை இரண்டாகப் பிளந்தது.

"நீங்களா...? எதுக்குங்க...?"

"எதுக்கா? நல்லா கேட்டே போ!" என்றாள் யொரிக்கோ. கோஹெய்யின் அக்கா; பொதுக் குளியலறையில் சீட்டுக் கொடுக்கும் வேலை; ஊர் வம்பு முழுக்க ஈரத் துண்டோடு அவளிடம்தான் வந்து சேரும். "ஆறாம் வகுப்பு முடியுது, மகளோட கடைசி ஆட்டம். அதைக்கூடப் பார்க்காத அப்பன் யாருன்னு குளிக்க வர்ற பொம்பளைங்க கேக்குறாங்க. என் மானம் போகுது! நான்தான் வரச் சொன்னேன். ஏம்மா, உனக்கு ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? கழுத்துகிட்ட என்ன அது, நீலமா?"

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு, அண்ணி."

"போன மாசமும் அதே கதவுதானே இடிச்சுது? அந்தக் கதவுக்கு உன்மேல என்ன கோவம்?"

மிஹரு சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது பந்து பட்ட காயம் என்ற உண்மை வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சுமிரே கழிவறைக்குள் போய்த் தாழிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒனோதேராவுக்குப் போன் செய்தாள். "இன்னைக்கு மட்டும்... வேற யாராவது...?"

"யாரு இருக்கா? ஒருத்தருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு, இன்னொருத்தர் நேத்துதான் ஒசாகா போனார். ஹோம் பிளேட்டுக்கு நீங்க வரலன்னா நம்ம அணி ஆடாமலே தோத்ததா எழுதிடுவாங்க. குழந்தைங்களுக்குக் கடைசி ஆட்டம்ங்க..."

போனால் மிஹரு அடுத்த பள்ளியில் ஆடப்போகிற பேஸ்பால் போய்விடும், போகாவிட்டால் இந்தக் கடைசி ஆட்டமே போய்விடும். சுமிரே முகத்தைக் கழுவிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த பெண் அவளைவிடப் பயந்திருந்தாள்.

ஆற்றங்கரை மைதானத்தில் நாணல் வெள்ளையாகப் பூத்திருந்தது. "டீ டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, சாமான் கொட்டகைக்குள் நுழைந்த சுமிரே உடை மாற்றினாள். கவசத்தின் வார் கைக்கு அகப்படவில்லை.  முகமூடியை இழுத்து மாட்டியபோதுதான் மூச்சு கொஞ்சம் வந்தது.

இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று குனிந்து வணங்கின. சுமிரே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தினாள். அவளுக்குப் பின்னால் வலை. வலைக்குப் பின்னால், பாய் விரித்து, புருஷன்.

"பிளே!" என்று கத்தினாள்.

ரயில் பாலத்துக்கு அடியில், ரயில் போகிற நேரமாகப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. கோஹெய்க்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் தன் மனைவியின் உரத்த குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"யாருப்பா இந்தக் குட்டை அம்பயர்?" என்று அவன் சத்தமாகக் கேட்டது அவள் முதுகில் விழுந்தது. "யோவ் அம்பயர்! கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

பக்கத்துப் பெற்றோர்கள் தங்கள் பாய்களை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள்.

"வாயை மூடுடா. இங்கெல்லாம் அம்பயரைப் பார்த்துக் கத்தக் கூடாது" என்றாள் யொரிக்கோ. "ஆமா, சுமிரே எங்க?"

"டீ ஊத்தப் போனா. தேயிலை பறிச்சுட்டு வர்றாளோ என்னவோ!"

இரண்டாவது சுற்றில் மிஹரு மட்டையோடு வந்தாள். இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது; மூன்றானால் அவுட். மூன்றாவது பந்து வந்தது. தாழ்ந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே வந்தது; அடிக்காமல் விட்டால் அது ஸ்டிரைக் ஆகாது. மிஹரு சரியாகவே மட்டையை வீசாமல் விட்டாள். ஆனால் அந்தக் கணத்தில் சுமிரேவுக்குப் பந்து தெரியவில்லை. எதிரணி அம்மாக்களின் கண்கள்தான் தெரிந்தன. சொந்தப் பிள்ளைக்குச் சாதகம் செய்கிறாள் என்று சொல்லிவிடுவார்களோ...!

"ஸ்டிரைக்! அவுட்!"

பெற்றோர் அம்பயராக இருக்கும் மைதானங்களில் மட்டுமே நடக்கிற தவறு அது. மிஹரு முகமூடியின் கம்பிகளுக்குள் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். வலைக்குப் பின்னால் கோஹெய் எழுந்து நின்று கத்தினான். "திருட்டு அம்பயர்! குழந்தை வயித்துல அடிக்கிறியே, உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

சுமிரேவின் கண்ணில் நீர் முட்டியது. முகமூடிக்குள் கைவிட்டுத் துடைக்க முடியாது.

சுற்று மாறும்போது மிஹரு பக்கத்தில் வந்தாள். சுமிரே குனிந்து பிளேட்டின் தூசியைத் துடைப்பதுபோல முணுமுணுத்தாள். "அது ஸ்டிரைக் இல்லடி. அம்மா பயந்துட்டேன்..."

"தெரியும். அடுத்த தடவை பயப்படாத" என்று சொல்லிவிட்டு மிஹரு ஓடினாள்.

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் எடுத்தால் சமன். ஹோம் பிளேட்டுக்கு முந்தைய மூன்றாம் தளத்தில் மிஹரு நின்றிருந்தாள். அடித்த பந்து நாணல் பக்கம் உருண்டது. மிஹரு கிளம்பிவிட்டாள்.

பயிற்சியில் சொன்னது சுமிரேவின் காதில் மணிபோல அடித்தது: ஹோம் பிளேட்டில் மோதல் வருதா, முதல் வேலை, முகமூடியைக் கழற்று. கம்பிக்குள்ளிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

கழற்றினால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் கையுறை குப்பை வண்டிக்கு. இந்த ஓட்டம்தான் மிஹருவின் கடைசி ஓட்டமாகிவிடும். கழற்றாவிட்டால்... இன்னொரு தடவை பயத்தின் கண்ணால்தான் பார்ப்பாள்.

பந்து பறந்து வந்தது. மிஹரு சறுக்கினாள். சுமிரே முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

செம்புழுதி எழுந்தது. பந்தைப் பிடித்த கேட்சரின் கையுறை மிஹருவின் முழங்காலில் பட்டது. மிஹருவின் பாதம் பிளேட்டுக்கு வர இன்னும் ஒரு கையளவு இருந்தது. சுமிரே பார்த்தாள். வெறுங்கண்ணால், தெளிவாகப் பார்த்தாள்.

"அவுட்!"

புழுதி அடங்கியது. வலைக்குப் பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. 

ஆட்டம் முடிந்தது. இரண்டு அணிகளும் வணங்கிக் கலைந்தன. கோஹெய் வலையைச் சுற்றிக்கொண்டு வந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"நீயா...? நீயாடி சுமிரே...?"

"நான்தாங்க."

"பொய்! இத்தனை நாளா டீ ஊத்தறேன்னு பொய்! அதையும் விடு... பெத்த பொண்ணையே அவுட்டுன்னு சொன்னியே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு? நாலு பேரு உன்னை நேர்மையானவன்னு மெச்சணும்னு, என் பொண்ணைப் பலி குடுத்துட்டியா?"

எப்போதும்போல 'மன்னிச்சிடுங்க' என்று சொல்லத்தான் சுமிரே வாயெடுத்தாள். வேறு வார்த்தைகள் வந்தன.

"ரெண்டாவது சுற்றுல சொன்னேனே, அது தப்புங்க. நாலு பேருக்குப் பயந்து சொன்னேன். அதுக்கு நீங்க என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனா இது... இதை நான் பார்த்தேன். எல்லாம் போயிடும்னு தெரிஞ்சேதான் முகமூடியைக் கழட்டினேன். பார்த்ததைச் சொன்னேன். எறியறதா இருந்தா இந்தக் கவசத்தை எறியுங்க. குழந்தையோட கையுறையைத் தொடாதீங்க... உங்க கால்ல விழறேன்!"

"அப்பா!" மிஹரு குறுக்கே வந்து நின்றாள். சட்டையெல்லாம் புழுதி. "நான் அவுட்டுதான்ப்பா. முட்டியில பட்டுடுச்சு. இங்க பாரு, இன்னும் எரியுது!"

"உனக்கு என்ன தெரியும்? எனக்கும் இப்படித்தான் அன்னைக்கு..."

"கோஹெய்!"

யொரிக்கோவின் குரலில் கேலி இல்லை. அவள் குரலில் கேலி இல்லாமல் அவர்கள் யாரும் கேட்டதில்லை.

"அன்னைக்கு நான் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுல, மூணாம் தளத்துப் பக்கம் டிராம்போன் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ ஓடி வந்தது என் கண்ணு முன்னாடிதான். அன்னைக்கும் நீ அவுட்டுதான்டா."

"அக்கா...?"

"தெள்ளத் தெளிவா அவுட்டு. நீ அழுத அழுகையைப் பார்த்து வாயைத் திறக்க மனசு வரல. சரி, அம்பயரைத் திட்டினா ஆறிடும்னு விட்டேன். ஆறவே இல்லையேடா! இப்ப அதுக்கு இந்தப் பொண்ணுல்ல வட்டி கட்டிட்டு இருக்கா! ஒளிஞ்சு ஒளிஞ்சு பந்துல அடி வாங்கிட்டு, கதவு இடிச்சுதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டு..." யொரிக்கோ சுமிரேவை இழுத்து, கவசத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் அவ்வளவு கெட்டவளா?"

"பயம், அண்ணி..." என்று சொல்லி சுமிரே உடைந்து அழுதாள். மிஹருவும் உள்ளே புகுந்துகொண்டாள். மூன்று பேரின் அழுகையையும் நடுவிலிருந்த கவசம் தாங்கியது. அதற்குத்தான் செய்யப்பட்டது போல.

கோஹெய் பார்லி தேநீர்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். தன் வலது காலை நீட்டி, வெகுநேரம் அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டம் வேறு இரண்டு அணிகளுக்கு; ஆடி முடித்த அணியும் அதற்கு அம்பயர் தந்து உதவ வேண்டும் என்பது வழக்கம். அதற்கும் ஹோம் பிளேட்டில் சுமிரேதான். ஒனோதேரா தொப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாயாகக் கெஞ்சிக்கொண்டு வந்தார். "மூணாம் தளத்துக்கு ஆள் இல்லைங்க... சும்மா நின்னா போதும்... யாராவது..." கோஹெய்யைப் பார்த்ததும், கதவின் ஞாபகம் வந்ததோ என்னவோ, பேசாமல் தாண்டிப் போனார்.

சுமிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமூடியை எடுத்தாள்.  கையுறை விஷயம் அவன் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் என்ன நடக்குமோ... பிளேட்டுக்குப் பின்னால் போய் நின்று, நான்கு தளங்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

மூன்றாம் தளத்தில் ஒருவன் நின்றிருந்தான். தலைக்குச் சிறிய தொப்பி. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். முழங்கால்கள் ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. அவனிடம் கார் ஓட்டக் கற்றவர்களின் முழங்கால்களைப் போலவே.

எதிர்ப்புறப் பாயிலிருந்து ஒரு புதுக் குரல் எழுந்தது. "யோவ் மூணாம் அம்பயர்! கண்ணாடி எங்கய்யா?"

கோஹெய் தொப்பியைக் கழற்றி, அந்தக் குரல் வந்த திசையை நோக்கி ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டான்.