இசக்கி சிரிக்கவில்லை

"ஐயோ... ஆளு கெடக்குது!"

தேயிலைப் புதர்களுக்கு நடுவிலிருந்து அலறல்.

கொழுந்து பறிக்க வந்தவள் கூடையை வீசிவிட்டு ஓடினாள்.

பங்களாவில் தங்கியிருந்த கோயமுத்தூர் ஐ.டி. கும்பல் ஓடவில்லை. பிணத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது. ஹாலோவீன் பேய்விழா பேக்கேஜில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்!

இன்ஸ்பெக்டர் இசக்கியம்மா ஜீப்பிலிருந்து இறங்கியபோது பாதிப் பேர் இறந்தவனின் தோளில் கைபோட்டு முடித்திருந்தார்கள்.

கைரேகை?

போச்சு.

கால் தடம்?

அதுவும் போச்சு.

அவள் யாரையும் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. ஐப்பசி மழைக்கு அடிவாரப் பாதையில் சாய்ந்த மரத்தோடு இரவு முழுக்க நின்றவள். ஷூவுக்குள் இன்னும் தண்ணீர்.

இறந்தவன் சுடலைமணி. இந்த பங்களாவின் கதைசொல்லி. சாயங்காலமானால் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு, நெருப்பு மூட்டிய மேடையருகே உட்கார்ந்து விருந்தாளிகளுக்குப் பேய்க்கதை சொல்வது அவன் வேலை.

பின்மண்டையில் ஒரே அடி.

வராந்தாவில் கண்ணும் பல்லும் செதுக்கிய பூசணிக்காய்கள் வரிசையாக இளித்தன. கான்ஸ்டபிள் டக்ளஸ் அவற்றை வெறுப்போடு பார்த்தான்.

"ஆயுத பூஜைக்கு உடைக்க வேண்டியதுங்க மேடம். பல்லு வெச்சு விட்டிருக்கானுங்க."

பங்களா முதலாளி வேலுசாமி கை கூப்பியபடி வந்தார். கோயமுத்தூர்க்காரர். பேச்சில் வெல்லம்.

நடந்ததை அவரே வரிசையாகச் சொன்னார். இருட்டும் நேரத்தில் அவர் சிக்கன் வாங்க குன்னூர் போயிருந்தாராம். திரும்பும்போது கதை முடிந்து, சுடலைமணி முகமூடியோடு பனிமூட்டத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தானாம். அதன் பிறகு விடியும்வரை ஆட்டம், பாட்டம். அவர், வேலையாட்கள், விருந்தாளிகள்... எல்லோரும் ஒரே இடத்தில்.

"ஒரே ஒரு ஆளத் தவிரங்க மேடம்."

"யாரு?"

"அவன் சம்சாரம். பேச்சியம்மா. சமையல்கட்டு வேலைய முடிச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. நேத்துக் காலைல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டைங்க. நீங்க யாரை வேணா கேளுங்க."

கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட வந்திருந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இந்தக் குளிரில் கிடந்த உடம்பை வைத்து நேரம் சொல்ல முடியாது என்றார்.

ஆக, கணக்கு எளிது.

கதைக்குப் பிறகு செத்திருந்தால், பேச்சியம்மா உள்ளே போவாள். கதைக்கு முன்பே செத்திருந்தால், அவள் மீது குற்றமில்லை. சண்டை முடிந்ததிலிருந்து இரண்டு பெண்களோடு சமையல்கட்டிலேயே இருந்தவள்.

ஆனால் கதை சொன்னதைத்தான் முப்பது கண்கள் பார்த்திருக்கின்றனவே!

பேச்சியம்மா ஜீப்பின் பக்கம் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"எதுக்கும்மா சண்டை?"

"சொல்ல மாட்டேம்மா. வெக்கக்கேடு."

"சொல்லலன்னா உள்ள போயிருவ."



இசக்கியம்மா அலுப்போடு திரும்பினாள். தாடி வைத்த இளைஞன் ஒருவன் செல்போனை நீட்டினான். நேற்றைய கதையை வீடியோ எடுத்தானாம். குளிரில் பேட்டரி செத்ததால் பாதிதான் இருக்கிறதாம்.

பார்த்தாள்.

வெள்ளை முகமூடி. கரகரத்த குரல். ஆலமரத்தில் தலைவிரி கோலமாக ஒரு பேய்... வாயில் குழந்தை... பேயின் பெயர் இசக்கி!

இசக்கியம்மா வீடியோவை நிறுத்தினாள்.

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

"பேச்சியம்மா... உங்களுக்கு எந்த ஊரு?"

"பூர்வீகம் திருநவேலிப் பக்கம்மா."

"உன் புருஷன் இசக்கியப் பேயாக்கிக் கதை சொல்வாரா?"

பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாக்கு அழுகிராது? சுடலை, பேச்சி, இசக்கி... எல்லாம் ஒரே கோயில் சாமில்லா. மோகினி, கொள்ளிவாய்னு எதையாச்சும் சொல்வாரு. சாமிய இழுக்கவே மாட்டாரு."

இசக்கியம்மா மெதுவாக வராந்தாவுக்கு வந்தாள். கொட்டாவி விட்டாள். விருந்தாளிகளைக் கூட்டி உட்கார வைத்தாள்.

"வேலுசாமி, நேத்து கதைய நீங்க கேட்டீங்களா?"

"எங்கீங்க... நாந்தான் சிக்கன் வாங்கப் போயிட்டேனே."

"அப்புறமா யாராச்சும் சொன்னாங்களா?"

"ஆட்டத்துல அதுக்கெல்லாம் நேரமேதுங்க."

"பரவால்ல. பாத்த வரைக்கும் படு சுமார். இது எப்படித்தான் முடிஞ்சுது?"

தாடிக்காரன் நேற்று அரைப்போதையில் கேட்டதைச் சொன்னான். இசக்கி குழந்தையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்ததாம். இன்னொரு பெண், சிரித்துவிட்டு மரத்திலேயே மறைந்ததாகச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? இதுக்கா பயந்தீங்க? எங்க ஸ்டேஷன் பூனை இதைவிட நல்லாச் சிரிக்கும்."

"சிரிக்கலீங்க."

வேலுசாமிதான். வாய் முந்திவிட்டது.

"பின்னே?"

"அழுவுதுங்க. இன்னொரு குழந்தை வேணும்னு அழுவுது. கேக்கறவன் கிட்டப் போறான்... அது திரும்புது... மொகமே இல்ல..."

கதை அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. குரல் கரகரத்தது. கை தானாக உயர்ந்தது.

"டேய்..." தாடிக்காரன் எழுந்துவிட்டான். "அதே வாய்ஸ்டா!"

வேலுசாமியின் கை அந்தரத்தில் நின்றது.



இசக்கியம்மா தன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைத் தட்டினாள்.

"நான் வந்ததுலேர்ந்து மேடம், மேடம்ங்கறீங்க. பேரைப் படிச்சிருக்கலாம். எங்க பக்கத்துல அது சாமி. சுடலைமணிக்கும் சாமி. உங்களுக்குத்தான் பேய். பகல்லயே அவரை அடிச்சுப் போட்டுட்டு, அவர் முகமூடிய மாட்டிட்டு நீங்க கதை சொன்னீங்க. அவர் அதுவரைக்கும் உசுரோட இருந்த மாதிரி ஆயிருச்சு."

வேலுசாமி படியில் உட்கார்ந்தார். பேச்சிலிருந்த வெல்லம் கரைந்திருந்தது.

"வேற வழியில்லீங்க. நேத்து எங்கிட்ட வந்து, 'இன்னிக்கு புதுக்கதை சொல்றேன் மொதலாளி... இங்க நிஜமா நடந்தது... பேய் யாருன்னு பேரச் சொல்லிருவேன்'னு சிரிச்சானுங்க. மருதாம்பா சங்கதி அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான்..."

ஜீப்பின் பக்கமிருந்து ஒரு கேவல்.

"அது என் கதைய்யா!"

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதுசுல, பனிக்குள்ள கொடியில ஆடுன அவரு வேட்டியப் பேயின்னு நெனச்சு விழுந்து கும்பிட்டேன். அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்னாரு. மானம் போயிரும்னு சண்ட போட்டேன். அது சிரிப்புக் கதைய்யா..."

வேலுசாமி வாய் பிளந்து பார்த்தார்.

"டக்ளஸ்... மருதாம்பா யாரு?" என்றாள் இசக்கியம்மா.

"இவரு சம்சாரம் மேடம். பிரசவத்துக்கு ஈரோடு போனவங்க, அங்கயே இருக்காங்கன்னுதான் ஊர்ல பேச்சு."

வேலுசாமியின் கண்கள் ஒரு கணம், ஒரே கணம், நெருப்பு மூட்டும் சிமென்ட் மேடைக்குப் போய்த் திரும்பின.

இசக்கியம்மாவும் பார்த்தாள்.

"கடப்பாரை கொண்டு வரச் சொல்லு."

கோயமுத்தூர் கும்பல் ஒரு விநாடி திகைத்தது. பிறகு கைதட்டத் தொடங்கியது.

அவள் வேலுசாமியின் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"கதைய முழுசாக் கேட்டுட்டுக் கொன்னிருக்கலாமேய்யா... ஒரு கொலை மிச்சமாயிருக்கும்."