பானையைத் தழுவிய வேர்

"அப்பா, மரம் பொறக்கும்போது அதுக்கும் கூடப்பொறந்தது ஒண்ணு இருக்குமா? அத எங்க புதைப்பாங்க?"

மர்சுடியின் மகள் ரத்ரி ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது. நஞ்சுக்கொடியைக் கழுவி, மண்பானையில் இட்டு, வீட்டோரம் புதைக்காத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. பிள்ளையோடு பிறந்து, மண்ணுக்குள் இருந்தபடி பிள்ளையைக் காக்கும் தம்பி அது. அன்று மர்சுடி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ரத்ரி கல்யாணமாகி சுரபாயா நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்று, மழைக்கு முந்தின புழுக்கத்தில், குட்டை ஆலமரத்தை மரப்பெட்டியிலிருந்து தூக்கியபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

வேர்க்கட்டி சூடாக இருந்தது.

வெயில் ஏறிய சூடு இல்லை. பெட்டி காலையிலிருந்து நிழலில்தான் இருந்தது. தூங்கும் பிள்ளையை அள்ளித் தூக்கும்போது கைக்குத் தெரியுமே, அந்தச் சூடு.

அவர் மரத்தைச் சுழல்பலகையில் வைத்தார். மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு பைனா அக்காவின் பின்சுவரில் முளைத்திருந்த மரம் அது. அக்கா ஒரு காசும் வாங்கவில்லை. "எடுத்துக்கோ தம்பி, செவுத்தப் பொளக்குது. ஆனா அடியில கெந்தூரோட பானை இருக்கு. அவன் வந்து தன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறமா பானைய விட்டுட்டுத் தோண்டு" என்று மட்டும் சொன்னாள். கெந்தூர் அவளுடைய ஒரே மகன், தென்னங்கள் இறக்குகிறவன். அதற்குள், தொட்டியில் வளர்க்கக் குட்டைமரம் தேடி அலைகிற அடுத்த ஊர்க்காரன் ஒருவன் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தான். தாயும் மகனும் ஒரு கல்யாணத்துக்குப் போன பகலில் மர்சுடி தோண்டிவிட்டார். தாய்வேர் பானையின் வாய்க்குள் இறங்கி, வெளியே வந்து, அதைத் தழுவிக்கொண்டிருந்தது. வேரை வெட்டினால் மரம் போய்விடும். பானையோடு எடுத்து வந்து, குழியை மூடி, அக்காவிடம் "பானை அங்கயேதான் இருக்கு" என்றார்.

அவள் நம்பினாள். பானை புதைத்த இடத்தில் விளக்கு முப்பத்தைந்து நாள் எரிந்தால் போதும் என்பார்கள். பைனா அக்கா மட்டும் இன்றுவரை வியாழன்தோறும் அந்தி சாயும் வேளையில், காலியான அந்தக் குழியின் மேல் விளக்கேற்றி வருகிறாள். ஏற்றிவிட்டு, தனியாள் சமைக்கமாட்டாரே என்று மர்சுடிக்கு ஒரு தட்டுச் சோறும் கொடுத்தனுப்புகிறாள்.

இரண்டு மாதத்தில் பிளிட்டார் ஊரில் குட்டைமரக் கண்காட்சி. மரம் மூன்று விரல் ஆழமுள்ள தட்டுத் தொட்டிக்கு மாற வேண்டும். பானை அதில் அடங்காது.

மூங்கில் குச்சியால் வேர்களைக் கோதி, பழைய மண்ணை உதிர்த்தார். மூன்று வருடமாக மீன் கரைசலும் ரத்தத் தூளும் உரமாக அளவுக்கு மீறிப் போட்டு வளர்த்த வேர். நுனிகள் கொழுத்து வெளுத்திருந்தன. ஈர மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு வாடை எழுந்தது. பச்சை ரத்தமும் தாய்ப்பாலும் கலந்த பேறுகால அறையின் வாடை. வேலிக்கு அப்பால் தென்னை உச்சியில் கெந்தூர் பாளை சீவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் தொங்கிய மெல்லிய வேர் ஒன்றை நறுக்கினார்.

பாட்டு நின்றது. "அம்மாடி!"

"என்னடா?" கீழிருந்து பைனா அக்கா.

"ஒண்ணுமில்லம்மா. பத்து வருஷமா கூட இருக்கற அருவா, இன்னிக்குத்தான் கடிச்சிருக்கு!"

"கல்யாணம் பண்ணிக்கோடான்னா கேக்கறியா? அருவாளோடயே குடும்பம் நடத்துனா கடிக்காம கொஞ்சவா செய்யும்? எறங்கி வா, வந்து வெறகப் பொள!"

மர்சுடியும் சிரிக்கப் பார்த்தார். வெட்டிய வேரிலிருந்து ஆலம்பால் சொட்டியது. வெள்ளையாகத்தான் சொட்டியது. பிறகு இளஞ்சிவப்பானது.

சாறுதான், துருப்பிடித்த தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பானையை மறைத்து அருகருகே இரண்டு வேர்கள், சுண்டுவிரல் தடிமனில். கத்தரியின் வாயில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அழுத்தினார். கோழி எலும்பு முறிகிற சத்தம்.

வேலிக்கு அப்பால் விறகு பிளந்த கோடாலி கல்லில் மோதியது. அதன் பின் ஓர் அலறல். மனிதக் குரலா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஓடிப்போய் வேலியைப் பிடித்தபோது கெந்தூர் மண்டியிட்டிருந்தான். இடது கையிலிருந்து ரத்தம் விறகின் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மரத்தூளில் இரண்டு விரல்கள் கிடந்தன. யாரோ வண்டியைக் கொண்டுவந்தார்கள். அக்கா முந்தானையால் அவன் கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். துணி நனைந்துகொண்டே போனது. வண்டி போய்விட்டது.

தெருவில் சத்தமே இல்லை.

மர்சுடி திரும்பி வந்தார். இனி வெட்டக்கூடாது. பானையை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். பழைய குழியில் வைத்துவிட வேண்டும். பிஸ்மில்லா சொல்லி, வேர்களை விலக்கினார்.

பானை விரிசல் விட்டிருந்தது. உள்ளே காய்ந்த தூளாவது இருக்கும் என்று நினைத்தார்.

உள்ளே ஒரு சின்னக் கை. வேர் நிறத்தில், ஈரமாக. மூடிய முஷ்டி. மூன்று விரல்கள். மற்ற இரண்டின் இடத்தில் புதிதாக நறுக்கிய காயம். அதிலிருந்து வடிந்தது ரத்தம்.

தாய்வேர் துடித்தது. விட்டு விட்டு, நாடி போல.

முஷ்டி விரிந்தது. அவருடைய இடது கையைத் தேடி வந்து பிடித்தது. பிறந்த குழந்தை பிடிக்குமே, அப்படி. விடவில்லை. மற்ற வேர்கள் மணிக்கட்டில் ஏறின. இறுகின.

வலது கை கத்தரியை எடுத்தது. தாய்வேரின் மேல் வைத்தது. ஒரே வெட்டு. விடுதலை.

கைபேசி அடித்தது. முழங்கையால் திரையைத் தேய்த்து எடுத்தார்.

"தம்பி," பைனா அக்காவின் குரல் உடைந்திருந்தது. "தையல் போட்டும் ரத்தம் நிக்கமாட்டேங்குது. ரெண்டு தடவ பிரிச்சுப் போட்டாச்சு. உடம்பு சில்லுனு ஆகுது. டாக்டர் என் முகத்தயே பாக்கமாட்டேங்கறாரு."

"அக்கா, நான்..."

"இன்னிக்கு வியாழன் தம்பி. எனக்காக அந்த வெளக்க மட்டும் ஏத்திடு. அவன் தம்பி இருட்டுல கெடக்கக் கூடாது. உன்ன விட்டா நான் யாரக் கேப்பேன்? உனக்குச் சோறும் வெக்கல இன்னிக்கு. மன்னிச்சுக்கோ."

பேச்சு நின்றது.

மர்சுடி கத்தரியைத் தாய்வேரிலிருந்து எடுத்தார்.

தன் இடது கைச் சுண்டுவிரலின் அடியில் வைத்தார். அழுத்தினார்.

எலும்பு. சத்தம். கண் இருண்டது.

மோதிரவிரல். முதல் அழுத்தலில் போகவில்லை. இரண்டாவது. மூன்றாவது.

இரண்டையும் அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தார். அது மூடிக்கொண்டது. மணிக்கட்டில் வேர்கள் தளர்ந்தன.

கையைத் துணியால் சுற்றி, மரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆளில்லாத அக்கா வீட்டின் பின்பக்கம் போனார். சுவரோரத்தில் விளக்கு வைக்கிற இடம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. ஒற்றைக் கையால் தோண்டினார். பானையும் வேரும் மரமுமாக இறக்கினார். காற்றுக் குமிழி தங்காதபடி குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி நிரப்பினார், எந்த மரத்துக்கும் செய்வதுபோலவே. தண்ணீர் ஊற்றினார். கெந்தூர் சொல்லியிருக்க வேண்டிய அந்த வார்த்தையை, கடன்பட்டவராய்த் தானே சொன்னார்: "மன்னிச்சுக்க, தம்பி."

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைத்தபோது விளக்கு எரிந்தது. பார்க்க யாரும் இல்லை.

கைபேசி மறுபடி அடித்தது. "நின்னுடுச்சு தம்பி! திடீர்னு நின்னுடுச்சு! கண்ணத் தொறந்து பசிக்குதுங்கறான்! வெளக்கு ஏத்தினியா?"

"ஏத்திட்டேன் அக்கா."

மண்ணுக்குள் ஒரு சத்தம். பால் குடிக்கிற சத்தம்.

விளக்கடியில் மண் மெல்லப் பிளந்தது. அந்தச் சின்னக் கை வெளிச்சத்தின் கதகதப்புக்கு நீண்டு வந்தது. இப்போது ஐந்து விரல்கள். மூன்று குழந்தையுடையவை. இரண்டு பெரியவை, காய்த்துப்போனவை, நகக்கண்ணில் பாசி ஏறியவை. அவருக்கு நன்றாகத் தெரிந்த விரல்கள்.

அவை மடங்கி நிமிர்ந்து அவரை அருகே கூப்பிட்டன.