நின்ன கப்பலோட சங்கு

பேரு பிரதாப். வயசு இருபத்திநாலு. எலங்கையில மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தேயிலத் தோட்டத்துல, வரிசயா ஒட்டிக் கட்டுன லயத்து வீட்டுல பொறந்தவன். இப்ப நடுக்கடல்ல, ஸ்டீம்ல ஓடுற ஒரு கெழட்டுக் கப்பல்ல மூணாவது ஆபீசரா நிக்கிறான். இந்த மாதிரிக் கப்பலு இனி கொஞ்சந்தான் மிச்சம். பரீட்ச பாஸாகிப் புதுசா ஆபீசர் டிக்கட் எடுத்தவனத் தவிர வேற யாரும் ஏற மாட்டாங்க.

போன லீவுல வீட்டுல இருந்தப்பதான் அது மொதல்ல கேட்டுச்சு.

விடிஞ்சும் விடியாத நேரம். தனுஷிகா அக்கா அடுப்புல வெறகத் தள்ளிட்டு இருந்தா. ஈர வெறகுப் பொகையும், கூரத் தகரத்துல இருந்து சொட்டுற பனித்தண்ணிச் சத்தமும், பக்கத்து வீட்டுக் காம்பிராவுல யாரோ இருமுறதும் எல்லாம் எப்பவும் போலத்தான். அப்ப சங்கு ஊதுச்சு. காலைல வரிசயா நிக்க வச்சுப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு ஆள் சேக்குற பெக்டரி சங்கு. தோட்டத்துல யாரும் மணி பாக்க மாட்டாங்க, சங்கு கேட்டா கால் தானா வெளிய எறங்கிரும். ஆனா பெரட்டுச் சங்கு ஒண்ணுதான் ஊதும். அன்னைக்கு ரெண்டு. நீளமா ஒண்ணு, கொஞ்சம் விட்டு நீளமா இன்னொண்ணு.

கப்பல் படிப்புல மொத வருசமே மனப்பாடம் பண்ண வைக்கிற சங்கு அது. பனிக்குள்ள ஓடாம நிக்கிற கப்பல், நான் இங்க நிக்கிறேன், மோதிராதீங்கன்னு மத்த கப்பலுக்குச் சொல்றது.

"அக்கா, அது நம்ம பெக்டரி சங்கு இல்ல."

"கப்பல் தொர எந்திரிச்சிட்டாரா?" படங்குச் சாக்க இடுப்புல சுத்திக்கிட்டே சிரிச்சா. "பிந்திப் போனா வேல பாக்க வைக்கிற கண்டாக்கு அரப்பேருதான் போடுவாரு, அர நாள் சம்பளம் போயிரும். இந்தக் கதைய அவருகிட்ட வந்து சொல்லு."

கூடைய மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

பெக்டரி மேட்டுல இருக்கு. ஆனா லயத்துப் பொம்பளைங்க எல்லாம் சங்கு கேட்ட பள்ளத்துக்கு எறங்குனாங்க, பழைய டவுன முழுங்கிட்டுக் கெடக்குற அந்த டேம் தண்ணிப் பக்கம். 

பிரதாப்புக்குப் பயம் வந்திருக்கணும். வரல. வாசப்படியில நின்னு பாத்துட்டு இருந்தான். பனிக்குள்ள மொதல்ல தலைங்க மறைஞ்சுச்சு, அப்புறம் கூடைங்க. ரொம்ப நேரம் கழிச்சு மேட்டுல இருந்து நெசமான சங்கு ஒண்ணு ஊதுச்சு. எல்லாரும் திரும்பி ஏறி வந்தாங்க, ஒண்ணும் நடக்காத மாதிரி. அக்காவோட சீல முழங்கால் வரைக்கும் ஊறிப்போயிருந்துச்சு. பனித்தண்ணிடான்னு சொல்லி முந்திய ஒதறுனா. ஒரு சொட்டு அவன் ஒதட்டுல பட்டுச்சு.

உப்பு.

 லீவு முடிஞ்சு கப்பலுக்கு வந்துட்டான்.

இன்னைக்குக் காலைல பொயிலர் அணைஞ்சுபோச்சு. மெசின் நின்னுச்சு. நாலு பக்கமும் பனி, கப்பலோட மூக்கு கூடத் தெரியல. ரெண்டு நீளச் சங்கு ஊது, விடாம ஊதுன்னு சொல்லிட்டு கெப்டன் மெசின் ரூமுக்கு எறங்கிட்டாரு. சங்கு ஸ்டீம் இல்லாம, டாங்குல அடச்ச காத்துல வேல செய்றது. அதுவும், எமர்ஜென்சி கரண்டுல ஓடுற ரேடாரும் ரேடியோவுந்தான் உசுரோட இருந்துச்சு.

அவன் சங்குப் பட்டன அமுக்குனான்.

அன்னைக்கு லயத்துல கேட்ட அதே சங்கு. அந்தக் கடைசிக் கரகரப்பு கூட அதேதான்.

திரும்ப ஊதுனப்ப ஈர வெறகுப் பொக வாசம் வந்துச்சு. கடல்ல.

அடுத்த தடவ கீழ எட்டிப் பாத்தான். பனிக்குள்ள ஒரு வரிச. பெரட்டுல நிக்கிற மாதிரி. கூடைங்க. படங்குங்க. தண்ணி இடுப்பு வரைக்கும். முன்னால அக்கா.

கைய எடுத்தான். எறங்கி வந்துட்டிருந்த அவங்களும் நின்னாங்க.

ரேடார்ல ஒரு பெரிய கப்பல். நேரா வருது. ரேடியோவுல கூப்புட்டான், பதில் இல்ல. இந்தக் கப்பலோட ஆளுங்க அத்தன பேரும் கீழ பொயிலர்கிட்ட, மோதுனா ஒருத்தரும் தப்ப முடியாது.

அமுக்குனான்.

தண்ணி இப்ப அவளுக்குக் கழுத்து வரைக்கும். அண்ணாந்து அவனத்தான் பாக்குறா. பேரு கூப்புடட்டும்னு காத்துட்டு நிக்கிற மாதிரி.

அந்தக் கப்பல் இன்னும் திரும்பல. அவன் திரும்ப ஊதணும்.

இத வாசிக்கிறவங்க லயத்துல யாரா இருந்தாலும், கடைசிக் காம்பிராவுல தனுஷிகா இருக்காளான்னு போய்ப் பாருங்க. இருந்தா, அடுத்த சங்குக்கு அவ எறங்காம கதவ வெளிய பூட்டிருங்க.