சொட்டையின் வலது கை

பொம்மையின் கைக்குள் தன் கையை நுழைத்ததும் அவளுக்குத் திக்கென்றது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போன செருப்பில் கால் வைத்த மாதிரி.

பொம்மையின் பெயர் சொட்டை. மூன்று பெண்டாட்டிகளை விவாகரத்து செய்துவிட்டு நான்காவதைத் தேடி அலையும் வழுக்கைத் தலையன். வாயைத் திறந்தால் அசிங்கம்தான், அதையும் ராகம் போட்டுப் பாடுவான். அதனால்தான் அரங்க வாசலில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற பலகை. சொட்டையின் தலையும் குரலும் இடது கையும் அவள் கணவனுடையவை. வலது கை மட்டும் அவளுடையது. இருவரும் சாம்பல் நிற உடையில், சனம் பார்க்க, பொம்மையோடு ஒட்டி நின்றுதான் ஆட்டுவார்கள். தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. கண் பொம்மையை விட்டு நகரக் கூடாது. ஆட்டுபவர் பொம்மையைப் பார்த்தால்தான் சனமும் பொம்மையைப் பார்க்கும். ஒன்பது வருடமாக மேடையில் அவன் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. வரவர வீட்டிலும் அதே கதைதான்.

"நேத்து ஒத்திகையில பின்னிட்ட போ," என்றான் கணவன், சொட்டையின் பிய்ந்த காதைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டே. "சொட்டை கையால என் கன்னத்தைத் தடவினியே, அதை நாளைக்கு மேடையிலயும் செய்."

அவள் கை அப்படியே நின்றது. நேற்று பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் நாள் முழுக்க வீட்டிலேயே சுருண்டு கிடந்தாள்.

"நேத்து நான் வரவே இல்லையே."

"விளையாடாத. ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே நின்ன."

"என் முகத்தைப் பாத்தீங்களா?"

"முகத்தை எதுக்குப் பாக்கணும்?" என்று சிரித்தான்.

புதிதாகச் சேர்ந்த பாட்டுக்காரிதான், வேறு யார்? அவனுக்கு வெந்நீர் நீட்டுவதும் அவன் சொல்வதற்கெல்லாம் கெக்கே பிக்கே என்று சிரிப்பதும் அவள் கண்ணில் படாமலா இருந்தது? இருவரையும் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள். அவன் அந்தப் பக்கம் போனதும் கறுப்பு நூலால் பொம்மையின் வலது மணிக்கட்டை நெருக்கமாகத் தைத்து மூடினாள். முடிச்சு அவள் அம்மா போடும் முடிச்சு. பிரித்தால் அதேபோல் இன்னொருவர் போட முடியாது.

மறுநாள் மதியக் காட்சிக்கு முன்னால் பொம்மைப் பெட்டியைத் திறந்தாள். தையல் அப்படியே இருந்தது.

உடை அறையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போனாள். "பாட்டுக்காரி வந்தாச்சாக்கா?"

"அவளா? மூணு நாள் முன்னாடியே தொண்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாளே. நீதான் இன்னைக்கும் காலையில சீக்கிரமே வந்து தனியா ஒத்திகை பாத்துட்டிருந்த. கதவிடுக்குல சாம்பல் சட்டை தெரிஞ்சுதே."

இப்போதுதான் அவள் அரங்குக்கே வந்திருந்தாள். மேடைக்கு அழைப்பு மணி அடித்தது. வேறு வழியில்லாமல் தையலைப் பிரித்தாள். துணிக்குள்ளிருந்து, நெடுநேரம் மூடிக் கிடந்த உள்ளங்கையின் வியர்வை வாடை வந்தது. போகாவிட்டால் அவன் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். காலியாகவே இருக்குமா? அந்த எண்ணம்தான் அவளை மேடைக்குத் தள்ளியது.

விளக்குகள் எரிந்தன. நான்காம் கல்யாணப் பாட்டு தொடங்கியது. சனம் முதல் வரிக்கே சிரித்தது. அவள் பொம்மையின் கையை உயர்த்தினாள். அது அவளை முந்திக்கொண்டு உயர்ந்தது.

உள்ளே ஏதோ அசைந்தது.

விரல்கள். அவள் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக. மெதுவாக. கோத்துக்கொண்டன.

"ஏங்க," என்றாள் உதடசையாமல். "இங்க பாருங்க."

அவன் பாடினான். கண் பொம்மை மேல்.

இறுக்கம். வலி. அவள் கல்யாண மோதிரம் நகர்ந்தது. மூட்டில் ஒரு நொடி சிக்கியது. பிறகு கழன்றது.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் விழுந்தாள். மோதிரம் இல்லாத வெறும் கை.

சொட்டையின் வலது கை தொங்கவில்லை. காலி இடத்துக்கு முன்னால் தானாக நிமிர்ந்து, விரல்களை ஒருமுறை விரித்து மடக்கியது. நான்காம் விரலில், துணிக்கடியில், வட்டமாக ஒரு புடைப்பு. அது திரும்பி அவள் கணவனின் கன்னத்தைத் தடவியது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான்.