போலந்துக்குப் போன பிளேடு

போன் அலறியது.

ராஜபாளையத்தில், தன் பேண்டேஜ் கம்பெனியில் உட்கார்ந்திருந்த யுவராணி எடுத்தாள்.

போலந்து வியாபாரி. ஆங்கிலத்தில் வெடித்தார்.

அவள் அனுப்பிய பேண்டேஜ் கட்டைப் பிரித்த நர்ஸுக்குக் கை கிழிந்துவிட்டது. உள்ளே ஏதோ இரும்புத் துண்டு... போட்டோ வரும். இனி ஆர்டர் கிடையாது.

சீனாக்காரனோடு விலையில் மல்லுக்கட்டி, சுத்தத்தில் ஜெயித்துப் பிடித்த சந்தை அது!

பார்ட்னர் ஜெர்வின் உள்ளே வந்தான். நாடு நாடாகப் பறந்து ஆர்டர் பிடிப்பவன்.

"என்னக்கா, முகம் வெளிறிப் போச்சு?"

"நம்ம கட்டப் பிரிச்ச நர்சுக்குக் கை கிழிஞ்சிருச்சாம். உள்ள இரும்பு கெடந்துச்சாம். ஆர்டர் போச்சு ஜெர்வின்."

"எதிர்க் கம்பெனி பாண்டிச்செல்வம் வேலைதான். அவனும் போலந்தப் பிடிக்க அலைஞ்சான்லா? போலீஸ்ல சொல்லுவோம்."

சொன்னார்கள்.

மாலையில் இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன் வந்தார். கூடவே பாண்டிச்செல்வம்.

"ஏன் அண்ணாச்சி இப்பிடிப் பண்ணீக?" யுவராணி கேட்டாள்.

"நான் போட்டி போடுவேன் தாயி. கழுத்தறுக்க மாட்டேன்." பாண்டிச்செல்வம் ஜெர்வினைக் காட்டினார். "இவரு போன வாரம் எங்கிட்ட வந்தாரு. 'யுவராணி கம்பெனி கவுழப்போவுது. பொறவு ஆர்டரெல்லாம் என் புதுக் கம்பெனிக்குத்தான். துணி மட்டும் நெய்ஞ்சு குடுங்க'ன்னாரு. வெரட்டி விட்டேன்."

"பொய் சொல்லுதான்க்கா. பிளேடப் பாதியா ஒடிச்சு உள்ள வச்சதே இவன்தான்."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"பிளேடுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

ஜெர்வின் வாசலைப் பார்த்தான்.

யுவராணியின் போன் சிணுங்கியது. போலந்திலிருந்து போட்டோ.

பாதியாக ஒடிந்த பிளேடு... ரத்தக் கறையோடு.

"அக்கா அக்கான்னு எங்க வீட்டுலதானலே சாப்பிட்ட?" யுவராணி ஜெர்வினிடம் திரும்பினாள்.

"அலைஞ்சது நான். பேரு ஒங்களுக்கு. எம்புட்டு நாளைக்கு?"

"அதுக்கு யாரோ ஒரு பிள்ளை கையக் கிழிப்பியா?"



யுவராணி கண்களைத் துடைத்துக்கொண்டு போலந்தை அழைத்தாள். எதையும் மறைக்கவில்லை. சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். யோசிக்கிறோம் என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜெர்வினின் தோளில் கை போட்டார்.

"வாங்க சார், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வரைக்கும் ஒரு டூர். விசா தேவையில்ல."