நூற்றெண்பது டிகிரி

துலுக்காணம் தன் வேர்க்கடலைக் கொல்லையில் செத்துக் கிடந்தார்.

வாயோரம் நுரை. கண்கள் இரண்டும் ரத்தச் சிவப்பு.

நுரையீரலில் குளோரின் என்றது போஸ்ட்மார்ட்டம். கொல்லைக்கு வடக்கே உள்ள கெமிக்கல் கம்பெனி உடனே கதை சொன்னது. குழாய் கசிந்ததாம்... காற்று கொண்டுபோய்ச் சேர்த்ததாம்... விபத்தாம்! அங்கே கூலி வேலை பார்த்த துலுக்காணம் அன்று வேலைக்கே வரவில்லையாம்.

மகள் ரூபா நம்பவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு டெலிபோன் பூத்திலிருந்து அவர் பேசியிருந்தார்.

"கம்பெனில டாங்க் கழுவக் கூப்ட்டுக்கிறாங்கம்மா. போய்க்கினு இருக்கேன்."

நாலாம் நாள். திருப்பதி. ரூபா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டர்.

கருமாதிகூட முடியவில்லை, வந்துவிட்டாள். கம்பெனிக் கூரையில் பதிவாகும் காற்றுத் திசையை எக்ஸெலில் போட்டு வரைபடமாக்குவது அவள்தான். அந்த ஃப்ளாப்பி இங்கே வந்தே தீரும்.

வந்தது.

கொண்டுவந்தவர் மேனேஜர் தேவேந்திரன், சென்னைக்காரர். கூடவே இன்ஸ்பெக்டர் நாகபூஷணம்.

"சீக்கிரம் போட்டுக் குடும்மா. சார் ஃபைல்ல வைக்கணும்," என்றார் தேவேந்திரன்.

கூலிக்காரனுக்கு மகள் இருப்பாள், அவள் கம்ப்யூட்டர் படித்திருப்பாள் என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவர்.

ரூபா ஷீட்டைத் திறந்தாள்.

அன்று காலை முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக... 180. 180. 180.

"காத்து ஒரே டிகிரில நிக்காது சார். இது கையால அடிச்சது."

"நூத்தியெண்பதுன்னா என்னம்மா?" என்றார் நாகபூஷணம்.

"தெற்கு சார்," தேவேந்திரன் முந்திக்கொண்டார். "தெற்குப் பக்கமா வீசியிருக்கு. கொல்லை அங்கதானே இருக்கு?"

"இல்ல சார். தெக்கேர்ந்து வந்துகீதுன்னு அர்த்தம். காத்து எங்கேர்ந்து வருதோ அதான் நம்பரு. இதும்படி பார்த்தா கேஸ் வடக்கால போயிருக்கும். கொல்லைக்கு வந்தே இருக்காது."

நாகபூஷணம் மெல்லத் திரும்பினார்.

"அப்போ செத்தவரு அந்த கேஸ எங்க மூச்சுல இழுத்தாரு?"

தேவேந்திரனுக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

"சார்... இது நிஜக் கணக்கு இல்ல. நிஜத்துல முன்னூத்தறுபதை ஒட்டித்தான் இருந்துச்சு. வடக்குன்னு இருந்ததும், கேஸ் வடக்க போச்சுன்னு ஆயிடுமேன்னு... நான்தான் மாத்திட்டேன்."

ரூபா சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு அது.

"முன்னூத்தறுபதுன்னா வாடைக்காத்து. வடக்கேர்ந்து வந்து நேரா எங்க கொல்லைலதான் எறங்கும். எங்க நைனா பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல, அவருக்கே தெரியும். அப்டியே உட்டுருந்தா உங்க கதைய ஊரே நம்பியிருக்கும்."

"எங்க கொல்லையா...?" என்றார் தேவேந்திரன்.

"துலுக்காணத்தோட பொண்ணு நான்."

நாகபூஷணம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கேஸ் நெஜமாவே கசிஞ்சிருந்தா காத்த எதுக்கு மாத்தணும், தேவேந்திரன் காரு? டாங்க்குல அவர எறக்குனது யாரு? கொல்லையில கொண்டுபோய்ப் போட்டது யாரு?"

தேவேந்திரன் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷ வேலை... மாஸ்க் எதுக்குன்னு நெனச்சேன். தூக்கறதுக்குள்ள..."

ரெண்டு நிமிஷம்! ரூபாவுக்கு அந்த முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது. நைனா கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த படிப்பு, அவர் எப்படிச் செத்தார் என்று கண்டுபிடிக்கத்தானா உதவ வேண்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிண்ட் கொடுத்தாள்.

தேவேந்திரனுக்கு விலங்கு மாட்டியபடியே நாகபூஷணம் சொன்னார்.

"பாவம் சார் நீங்க. காத்து உங்க பக்கந்தான் அடிச்சிது... நீங்கதான் திருப்பி உட்டுட்டீங்க."